கேக் ஏறிப் பார்த்த இரண்டு கார்கள்

டிப்போவில் அவனை எல்லாரும் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு யாரோ கேலியாகத்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். அவன் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டான். இத்தனை வருடத்தில் அவன் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, அவன்மேல் ஒரு புகார் வந்ததில்லை. அதனால் வீட்டில் சக்கரம் வைத்த எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசி வார்த்தை தன்னுடையதுதான் என்று அவனே முடிவுசெய்து வைத்திருந்தான்.

அவன் மனைவி வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவள். தெருவில் அவளுக்குக் கேக்கம்மா என்று பெயர். வீட்டின் பின்னறையில் இரண்டு ஓவன், ஆள் உயர ஃபிரிட்ஜ், நடுவில் எஃகு மேஜை. அந்த மேஜைமேல் எத்தனை அடுக்குக் கேக் வேண்டுமானாலும் அவள் எழுப்பிவிடுவாள். அதை வாசலைத் தாண்டி வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு. வழக்கமாக வருகிற வேன்காரர் வந்தால் வருவார், வராவிட்டால் போனையே எடுக்கமாட்டார். அப்போதெல்லாம் வாடகைக் காரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு மூச்சைப் பிடித்தபடி போவாள். ஒருமுறை அப்படிப் போனபோது மேலடுக்கு சரிந்துவிட்டது. விழா அரங்கத்தின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோயிருந்த க்ரீமால் ஒட்டுப்போட்டு, சர்க்கரைப் பூவை வைத்து மறைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் மறுநாளே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

"நான் இருக்கும்போது காசு குடுத்துக் கத்துக்கணுமா?" என்றான் பைலட்.

"நீங்க சொல்லிக்குடுத்தா வண்டி வரும்ங்க. நமக்குள்ள பேச்சு வார்த்தை இருக்காது."

முதல் தேர்விலேயே உரிமம் வாங்கிவிட்டாள். அடுத்தது கார். தினமும் அவள்தான் ஓட்டப்போகிறாள், கேக்கை ஏற்றிக்கொண்டு. பெட்டியைக் கிடத்த நல்ல டிக்கி வேண்டும், சந்துகளில் நுழைகிற அளவுக்குச் சின்னதாகவும் இருக்க வேண்டும். ஆக, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய சின்ன செடான் ஒன்று பார்ப்பது என்று முடிவானது. பார்க்கும் வேலையைப் பைலட் எடுத்துக்கொண்டான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடியதில் கடைசியாக இரண்டு வண்டிகள் தேறின. விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று வெள்ளை, ஆட்டோமேட்டிக், குறைவாக ஓடியது, ஒரு பல் டாக்டருடையது. மற்றது பழுப்பு, கையால் கியர் போடுவது, அதைவிடப் பழையது, நீச்சல் பயிற்சி தருகிற ஒரு பெண்ணுடையது. பார்ப்பதற்கு முன்னாலேயே பைலட்டின் மனசு வெள்ளைக்குப் போய்விட்டது. "டிராஃபிக்ல கிளட்ச மிதிச்சு மிதிச்சு உனக்கு முட்டி வலி வரும். ஆட்டோமேட்டிக்னா உக்காந்தா போதும்" என்றான். அதில் அக்கறையும் இருந்தது என்பதை அவள் அறிவாள்.

ஒரு சனிக்கிழமை காலை டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். வாடகைக் காரிலிருந்து கேக்கம்மா ஒரு பெரிய அட்டைப் பெட்டியை இறக்கினாள். உள்ளே மூன்றடுக்குக் கேக். டாக்டர் திகைத்துப்போனார்.

"எனக்கா மேடம்?"

"கடிச்சிடாதீங்க டாக்டர், தெர்மாகோல்" என்றாள்.

வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக அவள் செய்துவைத்திருந்த மாதிரிக் கேக் அது. நிஜக் கேக்கின் கனம் வர வேண்டும் என்று உள்ளே குடைந்து சர்க்கரைப் பொட்டலங்களைத் திணித்திருந்தாள். அடுக்குகளை ஒட்டவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா வைத்திருந்தாள். போதாததற்கு, மூடியில்லாத கிண்ணத்தில் ஒரு கரண்டி வெண்ணெய் க்ரீம்.

டாக்டர் காரின் நாலு கதவையும் திறந்து காட்டினார். "நல்லாப் பாருங்க சார். எங்கயும் ஒரு சொத்தை கிடையாது."

பைலட் பானெட்டைத் தூக்கி எண்ணெய் பார்த்தான், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான், கீழே குனிந்து கசிவு தேடினான். எல்லாம் சுத்தம். நிமிர்ந்தபோது மனைவியின் பாதி உடம்பு டிக்கிக்குள் இருந்தது. கையில் அளவு நாடா.

"இங்க பாருங்க. மூடி எறங்கும்போது இந்த ரெண்டு கம்பியும் உள்ள வருது. பெட்டி ஓரத்த நசுக்கிடும்."

"நடுவுல வெச்சுக்கோ."

"ஒரு ஆர்டர்னா நடுவுல வெச்சுக்கலாம். ரெண்டு ஆர்டர் இருந்தா?"

பைலட் சாவியை வாங்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். பக்கத்தில் டாக்டர், பின்னால் கேக்கம்மா, டிக்கியில் கேக். குடியிருப்பைச் சுற்றி வந்தார்கள். வேகத்தடைகள், ஒரு சிக்னல், ஒரு மேடு. வண்டி சொன்னபடி கேட்டது. திரும்பி வந்து டிக்கியைத் திறந்தால் மேலடுக்கு கவிழ்ந்து மூலையில் கிடந்தது. கேக்கம்மா க்ரீமை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"சென்ட் குடிச்ச மாதிரி இருக்கு."

டாக்டர் முகம் சிவந்து, கண்ணாடிக்கு அருகே தொங்கிய வாசனைப் புட்டியைக் கழற்றினார். டிக்கிக்குள்ளும் ஒன்று ஒட்டியிருந்தது. "எங்க வீட்ல பசங்க காருக்குள்ள எதையாவது தின்னுட்டே வருவாங்க மேடம், அதான்" என்றார்.

"பரவால்ல டாக்டர். க்ரீம் அப்படித்தான், பக்கத்துல என்ன இருந்தாலும் இழுத்துக்கும்."

திரும்பும் வழியில் பைலட் வெள்ளைக்காக வாதாடினான். "பஞ்சு மாதிரி போகுது, பாத்தேல்ல?"

"வெளுத்ததெல்லாம் பால்னு சொல்லாதீங்க. இன்னொண்ணையும் பாத்துடுவோம்."

மத்தியானம் நீச்சல்குளத்துக்குப் போனார்கள். பயிற்சியாளர் ஈரத்தலையும் கழுத்தில் விசிலுமாக வந்தாள், முப்பது வயது இருக்கலாம். பழுப்பு வண்டியைப் பார்த்ததுமே பைலட்டின் உதடு பிதுங்கியது. பின்கதவில் ஒரு சொட்டை. இருக்கைத் துணி வெளுத்துப்போயிருந்தது. உள்ளே குளத்து மருந்தின் வாடை.

"காப்பி கொட்டின மாதிரி என்னம்மா கலர் இது?"

"அழுக்குத் தெரியாதுண்ணா, அதுக்குத்தான் வாங்கினேன்" என்று அவள் சிரித்தாள். "சொட்டை எங்க வீட்டு கேட்டுல நானே வாங்கினது. ஈர டவல் எல்லாம் பின்னாடிதான் கெடக்கும், வாசன அதான். இப்ப வீட்டுப் பக்கத்துலயே ஒரு குளத்துல வேலை கெடச்சிடுச்சு. நடந்தே போயிடறேன், வண்டி சும்மா நிக்குது."

கேக்கம்மா நேரே டிக்கிக்குப் போனாள். நீச்சல் பலகைகள் அடுக்குவதற்காகத் தரையில் ஒரு தட்டையான பலகை போட்டிருந்தார்கள். மூடியைத் தாங்கும் கம்பிகள் வெளி விளிம்போடு நின்றுகொண்டன, உள்ளே வரவில்லை. பின்னிருக்கையின் முதுகை மடக்கினால் ஏசி காற்று டிக்கிவரை வந்தது. அவள் கையை உள்ளே நீட்டி, குளிர் வந்து படும்வரை அப்படியே வைத்திருந்தாள். அந்தக் கையைப் பார்த்தே பைலட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவசரமாகச் சாவியைக் கேட்டான்.

அடுக்குகளை மறுபடி ஏற்றினார்கள், க்ரீம் கிண்ணம் வைத்தார்கள், பைலட் ஓட்டினான். ஒரு சுற்றுச் சுற்றி வந்து திறந்து பார்த்தால் இந்த முறை மூன்று அடுக்கும் மூன்று மூலையில் கிடந்தன.

"பாத்தியா?" பைலட்டின் குரலில் மகிழ்ச்சியை மறைக்க முடியவில்லை. "அந்த வண்டிலயாவது ஒண்ணுதான் விழுந்துச்சு. இது ரோட்டுல இருக்கற கல்லையெல்லாம் எண்ணிச் சொல்லுது."

கேக்கம்மா குனிந்து அடுக்குகளைப் பொறுக்கினாள். தூசி தட்டினாள். கீழடுக்கு, நடுவடுக்கு, மேலடுக்கு. பிறகு கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. அதே வழில நான் ஒரு சுத்து ஓட்டறேன்."

பைலட் பின்னிருக்கையில் மடக்காத பாதியில் ஒடுங்கி உட்கார்ந்தான். மனைவி ஓட்ட அவன் உட்கார்ந்து வருவது அதுதான் முதல் தடவை. பயிற்சிப் பள்ளி வண்டியில் அவளைத் தெருமுனையில் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

வண்டி கிளம்பியது. கிளம்பிவிட்டது என்பது சன்னலுக்கு வெளியே மதில் நகர்ந்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றியதை உறுமல் மாறியதால் அறிந்தான், உடம்பால் அறியவில்லை. எதிரே சிக்னல் சிவந்தபோது வழக்கம்போல அவனுடைய வலது கால் தரையை அழுத்தியது. இல்லாத பிரேக்கை அழுத்துவது ஓட்டுநர்களின் வியாதி. ஆனால் அவன் அழுத்துவதற்கு வெகு முன்னாலேயே அவள் காலைத் தளர்த்திவிட்டிருந்தாள். வண்டி தானாகவே இளைத்து இளைத்து, கோட்டுக்கு அருகில் வந்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல நின்றது. வேகத்தடையில் ஏறியதும் தெரிந்தது, இறங்கியதும் தெரிந்தது, ஆனால் குலுக்கல் என்று ஒன்று இல்லை. குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட தெரு வந்தது. அவன் ஒரே மூச்சில் தாண்டிய இடம் அது. அவள் தூரத்திலேயே பள்ளங்களைப் பார்த்து, எந்தச் சக்கரம் எதில் இறங்க வேண்டும் என்று முன்னாலேயே தீர்மானித்தவள்போல நகர்ந்தாள். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

குளத்துக்குத் திரும்பி டிக்கியைத் திறந்தார்கள். மூன்று அடுக்கும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"அக்கா!" என்று பயிற்சியாளர் கைதட்டினாள். "தண்ணி கலங்காம நீந்தறவங்கள நான் ஒண்ணு ரெண்டு பேரத்தான் பாத்திருக்கேன். நீங்க ரோட்டுல அப்படிப் போறீங்க."

பைலட்டின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடும் என்று தோன்றியது, மூடிக்கொண்டான்.

அவள் குத்திக்காட்டவில்லை. "நீங்க ஆளுங்கள ஏத்திட்டுப் போறவரு. ஆளுங்க கம்பியப் புடிச்சுப்பாங்க. கேக்குக்குக் கை கிடையாதுங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "அப்போ காலைல அந்த வெள்ள வண்டி மேல பழி போட்டது தப்புதானே? அதையும் நான் ஓட்டிப் பாத்தாத்தான் நியாயம்."

"இது புடிச்சிருக்குல்ல? அப்புறம் எதுக்கு?" என்றான் பைலட்.

"புடிச்சிருக்கறது வேற. தெரிஞ்சுக்கறது வேற."

பயிற்சியாளர் ஒரு கணம் அவளையே பார்த்தாள். கையில் கிடைத்த வாடிக்கையாளர் எதிராளியிடம் திரும்பிப் போகிறாள், இருந்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. "போயிட்டு வாங்கக்கா. நீங்க வந்து சொல்ற வரைக்கும் வேற யாருக்கும் காட்டல" என்றாள். க்ரீமில் குளத்து வாடை லேசாக ஏறியிருந்தது. அதையும் கேக்கம்மா மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

அன்று இரவு பைலட் சாப்பிட்டு எழுந்தான். கை கழுவிக்கொண்டு வந்து பின்னறை வாசலில் நின்றான். அவள் ஒரு கேக்கின் விளிம்பில் க்ரீம் பையை அழுத்தி மணிமணியாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி ஓட்டற?"

அவள் நிமிரவில்லை. "இந்தப் பைய அழுத்திட்டே போறது யாருக்கும் வரும். ஆரம்பிக்கற எடமும் நிறுத்தற எடமும்தான் கஷ்டம். சட்டுனு அழுத்தினா பொத்துனு விழும். சட்டுனு விட்டா வால் நீளும். அந்தக் கைதான், வேற ஒண்ணுமில்ல. இங்க கை, அங்க காலு."

பைலட் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற கை. ஒவ்வொரு மணியும் முந்தைய மணியின் அளவிலேயே வந்து உட்கார்ந்தது. எத்தனையோ தடவை இந்த அறை வழியாகத் துணி காயப்போடப் போயிருக்கிறான், ஒருநாளும் நின்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். அவர் டிக்கியைத் துடைத்து, சன்னல்களைத் திறந்துபோட்டு வைத்திருந்தார். கேக்கம்மா ஓட்டினாள். இந்த முறை அடுக்கு எதுவும் விழவில்லை. பைலட்டே கண்ணால் பார்த்தான். ஆனால் வண்டி தானாகக் கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் தலையாட்டல் இருந்தது, நடுவடுக்கு இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்திருந்தது. அவள் விடவில்லை. கியர் மாறும் நேரம் பார்த்துக் காலைத் தளர்த்தியபடி இன்னொரு சுற்றுப் போனாள். நகர்வு ஒரு விரற்கடையாகக் குறைந்தது.

"நல்ல வண்டி டாக்டர், பொய் சொல்லமாட்டேன்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்க வீட்ல ஆளுங்க மட்டும் போறதா இருந்தா இதத்தான் எடுப்பேன். ஆனா எப்ப கியர் மாத்தணும்னு அது முடிவு பண்ணுது. என் சரக்குக்கு அத நான்தான் முடிவு பண்ணணும்."

டாக்டர் தலையசைத்தார். வண்டியை இவ்வளவு மரியாதையாக மறுத்தவர் வேறு யாரும் இல்லை என்றார். பிறகு தயங்கி, "அடுத்த மாசம் என் பொண்ணு பொறந்தநாள். நிஜக் கேக்கும் செய்வீங்கல்ல?" என்றார்.

"பல் டாக்டர் வீட்ல கேக்கா?"

"எங்க தொழிலும் நடக்கணுமே மேடம்."

தெருவுக்கு வந்ததும் பைலட் சொன்னான். "பழுப்பையே எடுத்துடுவோம்." பிறகு அவனுக்கே அது ஒட்டவில்லை. "எடுத்துக்கோ" என்று திருத்திக்கொண்டான்.

"கலரு?"

"கலர் கெடக்கு. அழுக்குத் தெரியாதாமே."

அதற்குமேல் அவன் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். டிப்போ மெக்கானிக்கைக் கூட்டிப்போய் அடியில் படுக்கவைத்துப் பார்த்தான். தேய்ந்த முன் டயர்களை மாற்றினான். வெடிப்பு விட்டிருந்த தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கண்டுபிடித்தான். "நடுரோட்டுல கொதிச்சு நின்னிருக்கும். நல்ல வேளைங்க, நான் டிக்கிய மட்டும்தான் பாத்தேன்" என்றாள் கேக்கம்மா. அந்த ஒரு வார்த்தையில் அவன் நிமிர்ந்து நடந்தான். டிக்கிக் கம்பளத்தை உருவி மொட்டைமாடியில் வெயிலில் போட்டார்கள். க்ரீமில் வாடை ஏறாமல் வரும்வரை அது அங்கேயே கிடந்தது.

இதற்கிடையில் பேருந்திலும் அவன் மெல்ல ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தான். சிக்னலுக்கு வெகு முன்னாலேயே காலைத் தளர்த்தினான், நிறுத்தத்தில் இளைத்து இளைத்து நிறுத்தினான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த கண்டக்டர் மூன்றாம் நாள் முன்னால் வந்து, "என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பைலட் சிரித்துக்கொண்டான். அவள் செய்வதுபோல அவனுக்கு வரவில்லை. இத்தனை பெரிய வண்டியில் வராது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் அவனுக்கு மனம் வரவில்லை.

பழுப்புக் காரில் ஏறிய முதல் நிஜக் கேக், ஆஸ்பத்திரியில் ஓய்வு பெறும் ஒரு தலைமை நர்ஸுக்கானது. அன்று பைலட்டுக்கு விடுமுறை. பின்னிருக்கையில் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொள்ள வரட்டுமா என்று அவனாகவே கேட்டான்.

"வாங்க. ஆனா புடிக்க வேணாம். சும்மா உக்காருங்க."

ஆஸ்பத்திரி ஒரு மேட்டின்மேல் இருந்தது. பாதி ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. சரிவில் வண்டியை நிறுத்தி, பின்னால் ஒரு அங்குலமும் உருளாமல், முன்னால் துள்ளாமல் கிளப்ப வேண்டும். தேறிய ஓட்டுநர்களே சொதப்புகிற இடம். பைலட்டின் கை தன்னையறியாமல் முன்னிருக்கையைப் பிடித்தது. அவள் ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள், கிளட்ச்சை மெதுவாக விட்டாள், வண்டியின் மூக்கு லேசாக நிமிரும்வரை காத்திருந்தாள். நிமிர்ந்ததும் பிரேக்கை விடுவித்தாள். வண்டி மேடு என்றே தெரியாததுபோல ஏறியது. அவன் வாயைத் திறந்து, "அடடா" என்றான். அது அவன் காதுக்கே கேட்டது.

வார்டில் நர்ஸுகள் கூடிநின்று பெட்டியைத் திறந்தார்கள். நான்கடுக்கும் ஒரு பூ கூட அசையாமல் நின்றன. தலைமை நர்ஸ் கேக்கை விட்டுவிட்டுக் கேக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோ தூரம் எப்படிம்மா கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள், "இவங்கதான் ஓட்டிட்டு வந்தாங்க" என்று பைலட் முந்திக்கொண்டான். சொல்லும்போது அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்ததைப் பார்த்தவர்கள், வண்டியைச் செய்தவனே அவன்தானோ என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பும்போது அவன் முன்னிருக்கையில் உட்கார்ந்தான். மேட்டை இறங்கியதும் அகலமான காலிச் சாலை வந்தது. கேக்கம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அடுத்த நிமிடம் பழுப்பு வண்டி உறுமிக்கொண்டு பறந்தது. பைலட்டின் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது.

"ஏய், ஏய்! மெதுவா!"

"டிக்கி காலிங்க" என்றாள் அவள், கண் சாலையைவிட்டு விலகாமல். சிரிப்பை அடக்கியதில் கன்னம் துடித்தது.

அவன் தலைக்குமேல் இருந்த பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டான். சன்னல் வழியே காற்று முகத்தில் அறைந்தது. வாய்விட்டுச் சிரித்தான், வீட்டுத் திருப்பம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.